போனிடம் பேசி வேலை வாங்குகிறவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

போனைக் கையில் எடுக்காமல் வாயால் சொல்லியே வேலை வாங்கும் பழக்கம் எனக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. இத்தனை நாள் ஆகியும், அது எனக்கு வேலை செய்கிறதா, நான் அதற்கு வேலை செய்கிறேனா என்ற சந்தேகம் தீர்ந்தபாடில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள்.

விடியற்காலை ரயில். படுத்து விளக்கை அணைத்த பிறகுதான் அலாரம் வைக்கவில்லை என்பது உறைத்தது. போன் அறையின் அந்தக் கோடியில், மேசைமேல் சார்ஜில் கிடக்கிறது. எழுந்து போகச் சோம்பல். போர்வைக்குள் இருந்தபடியே, "நாளைக்கு அஞ்சரைக்கு எழுப்பு" என்றேன். "சரி, நாளை 5:30 மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன்" என்று பதில் வந்தது. என்ன பணிவு, என்ன தெளிவு! நிம்மதியாகத் தூங்கினேன். கண்ணில் வெயில் பட்டு எழுந்தபோது ரயில் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அலாரம் அடித்ததா என்றால், அடித்தது. அன்று சாயங்காலம் அஞ்சரைக்கு, அடுத்த வண்டிக்காக நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது, என் சட்டைப் பையிலிருந்து சேவல் கூவியது.

தப்பு என் மேலும் இருக்கிறது. "காலை" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒருவன் "அஞ்சரைக்கு எழுப்பு" என்றால் எந்த அஞ்சரை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மனிதர்களிடம் சொல்லாமல் விடுவதையெல்லாம் இதனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதர்களிடம் அவசியம் சொல்வதையெல்லாம் இதனிடம் விட வேண்டியிருக்கிறது. நாலு வருடத்தில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

அதற்காக இதை விட்டுவிட முடியுமா என்றால் அதுவும் முடியாது. கை முழுக்க சோப்பு நுரையோடு நிற்கும்போது "பத்து நிமிஷத்துக்கு டைமர்" என்று சொல்லி அது நடக்கிறபோது வருகிற சுகமே தனி. என் கணக்கில், நான் தினமும் சொல்வது மொத்தம் ஐந்தாறு கட்டளைதான்: டைமர், அலாரம், நினைவூட்டல், ஒரு போன் அழைப்பு, டார்ச், "என் போன் எங்கே". இந்த ஐந்தாறில் அது அநேகமாகத் தவறுவதில்லை. ஏழாவதாக ஒன்று கேட்டால்தான் வினை.

* * *

உங்களுக்கு ரயில்தான் போனது. எனக்கு மானம் போனது.

என் மச்சானுக்கும் எங்கள் மேலாளருக்கும் ஒரே பெயர். போனில் இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் பதிந்து வைத்திருந்தேன். ஒன்றில் கடைசியில் ஒரு எழுத்து கூட, அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி பதினொன்றரை. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுப் படியேறிக்கொண்டே பெயரைச் சொல்லி "போன் போடு" என்றேன். எப்போதும் "எந்த எண்?" என்று கேட்டு உயிரை வாங்கும் அது, அன்றைக்குப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "அழைக்கிறேன்" என்றது. மறுமுனையில் எடுத்ததும் நான் ஹலோகூடச் சொல்லவில்லை. "டேய், தூங்கிட்டியாடா அதுக்குள்ள? கதவைத் திற, கீழதான் நிக்கிறேன்" என்றேன். இரண்டு வினாடி சத்தமே இல்லை. பிறகு மிக நிதானமாக, "இன்னும் தூங்கலை, ஆனா கீழ யாரையும் காணோமே" என்றார் மேலாளர். நல்ல மனிதர். மறுநாள் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு செய்த திருத்தங்கள். தொடர்புப் பட்டியலில் புனைபெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. அதில் தினமும் கூப்பிடுகிற நாலைந்து பேருக்கு, வேறு யாருக்கும் இல்லாத, வாயில் தெளிவாக வருகிற ஒரு சொல்லைப் போட்டு வைத்தேன். அம்மா, அண்ணன் என்ற உறவுமுறையையும் சில போன்களில் சொல்லிக்கொடுக்கலாம். "அம்மா யார்?" என்று ஒரு முறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். மேலாளர் பெயருக்கு முன்னால் "ஆபீஸ்" என்று சேர்த்துவிட்டேன். இன்னொன்று: போனில் நம் பேச்சைக் கேட்டு வேலை செய்கிற அசிஸ்டன்ட் மென்பொருளின் மொழி ஆங்கிலமாக இருக்கும்போது தமிழ் எழுத்தில் பதிந்த பெயரைத் தேடச் சொன்னால் அது படுகிற பாடு சொல்லி மாளாது. அசிஸ்டன்ட் எந்த மொழியோ, பெயரும் அந்த எழுத்தில் இருந்தால் சிக்கல் பாதி குறைகிறது.

* * *

எங்கள் வீட்டில் இதை மதித்துப் பேசுகிற ஒரே ஆள் என் அம்மா.

மதியம் கொஞ்ச நேரம் படுப்பார். முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்ததும், போனை முகத்துக்கு நேரே கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு, "கண்ணு, நான் கொஞ்ச நேரம் சாயறேன், நாலு மணிக்குப் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவா, அவ வந்து கதவைத் தட்டிட்டு நிக்கப் போறா, அதுக்குள்ள ஒரு குரல் குடுத்து எழுப்பி விட்டுடறியா?" என்றார். ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியம். காரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கெடு இருக்கிறது, அன்பு இருக்கிறது. அது கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதவு தட்டும் ஓசைகள் என்று ஒரு தேடல் பக்கத்தைத் திறந்து வைத்தது.

பேத்தி வந்து பாடம் எடுத்தாள். "பாட்டி, அதுக்குக் கதை எல்லாம் வேண்டாம். அலாரம், மூணே முக்கால், மத்தியானம். அவ்வளவுதான்." அம்மாவுக்கு மனசே வரவில்லை. "வேலை சொல்றப்ப ஒரு நல்ல வார்த்தை சொல்லாம எப்படிம்மா?" என்றார். இப்போது ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார். முதலில் தந்தி அடிப்பது மாதிரி அந்த மூன்று சொல். அது "வைத்துவிட்டேன்" என்றதும், மைக் அணைந்த பிறகு, "நல்லா இரு தாயி."

"யாரு அந்தப் பொண்ணு?" என்று ஒரு நாள் கேட்டார். தமிழ்க் குரலுக்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆப்பிள் போனில் சிரி (Siri) என்ற அசிஸ்டன்ட் 2011-இல் வந்தபோது அமெரிக்க ஆங்கிலத்தில் பேசிய குரல் சூசன் பென்னட் என்பவருடையது. 2005-இல் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து என்னென்னவோ வாக்கியங்களைப் படித்துக் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஆறு வருடம் கழித்து, புதுப் போனில் பேசுவது உங்கள் குரல்தானே என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டாராம். இதை அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாவம், அவங்க போன்ல அவங்களே அவங்ககிட்ட மணி கேட்டிருப்பாங்க" என்றார்.

* * *

கட்டிலுக்கு அடியில் மாத்திரை உருண்டு போய்விட்டது, மின்சாரம் இல்லை, "டார்ச் போடு" என்றேன், போட்டது. எனக்கு இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பு இல்லை, ஆகவே ஏமாற்றமும் இல்லை.

* * *

மேலே பலரும் சோம்பலுக்கு வந்த வசதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பார்வை இல்லை. ஆகவே என் கதை கொஞ்சம் வேறு.

திரையில் விரல் படுகிற இடத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியோடுதான் நான் போன் பயன்படுத்துகிறேன். ஆப்பிள் போனில் இந்த வசதி 2009-இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் என்று இருக்கிறது. வழுவழுப்பான கண்ணாடியில் தட்டச்சு செய்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். விரலை நகர்த்த வேண்டும், எந்த எழுத்து என்று கேட்க வேண்டும், சரி என்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று அனுப்புவதற்குள் நான் போய்ச் சேர்ந்தே விடுவேன். வாயால் சொன்னால் ஐந்து வினாடி. மணி என்ன, பேட்டரி எவ்வளவு, தவறிய அழைப்பு யாருடையது, இதையெல்லாம் முன்பு பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பேன். அவர்களும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு இருபது முறை மணி கேட்பவனுக்குத்தான் தெரியும், கேட்காமல் இருப்பதன் அருமை.

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஏதாவது கேட்டால், "இதோ, இணையத்தில் கிடைத்தவை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எங்கே கிடைத்தவை? திரையில். யாருக்கு? எனக்கு! குரலில் கேட்டவனுக்குக் குரலில் பதில் சொல்ல வேண்டும் என்பது அதற்கு இன்னும் எல்லா நேரமும் தோன்றுவதில்லை. "படித்துச் சொல்" என்று திரும்பக் கேட்டால் சில சமயம் படிக்கும், சில சமயம் "படித்துச் சொல்" என்பதையும் தேடும்.

இன்னொரு வேடிக்கை. திரையைப் படிக்கிற குரலும் கட்டளை கேட்கிற காதும் ஒரே போனில். அது படிப்பதை இது கேட்டுக்கொண்டு, நான் சொன்னதாக நினைத்துப் பதில் சொல்ல ஆரம்பிக்கும். இரண்டும் மாறி மாறிப் பேச, உரிமையாளன் நான் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இயர்போன் மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வெளியில் இருக்கும்போதும் அதுவே நல்லது. இல்லையென்றால் எனக்கு வருகிற செய்தி பேருந்துக்கே வருகிற செய்தி ஆகிவிடும்.

* * *

எனக்குத் திக்குவாய். இதைப் பொதுவில் எழுதுவதே எனக்குப் புதிது, ஆனாலும் மேலே உள்ளவர் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

மனிதர்களில் பொறுமைசாலிகளும் இருக்கிறார்கள், வாக்கியத்தை நமக்காக முடித்துவைக்கிற அவசரக்காரர்களும் இருக்கிறார்கள். இந்த இயந்திரம் இரண்டிலும் சேராது. நான் பாதிச் சொல்லில் நின்றால், பேச்சு முடிந்தது என்று தீர்மானித்து மைக்கை மூடிவிடும். எனக்குப் பகர எழுத்தில் தொடங்கும் சொற்கள் கஷ்டம். "ப" என்ற இடத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்த அரை வினாடி நிசப்தத்தில் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று வரும். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் என்னைத் துண்டித்துவிடும். ஒரு நாள் தங்கைக்குப் போன் போடச் சொல்லி ஏழு முறை முயன்றேன். எட்டாவது முறை கையால் போட்டேன். "ஏன் மூச்சு வாங்குது?" என்று கேட்டாள்.

இதற்கு வழி இருக்கிறது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஐபோனில் 2022-இல் வந்த மென்பொருளிலிருந்து, அணுகல் வசதி அமைப்புகளுக்குள் சிரி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கூட்டி வைக்கலாம். வழக்கமான அளவு, கூடுதல், அதைவிடக் கூடுதல் என்று மூன்று படி. பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பேசினால், விரலை எடுக்கும்வரை அது கேட்டுக்கொண்டிருக்கும். பேசாமல் தட்டச்சு செய்தே கேட்கிற வசதியும் உண்டு. கூகுள் 2019-இல் யூஃபோனியா என்ற திட்டத்தைத் தொடங்கி, பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் குரல்களைச் சேகரித்து வந்தது.

பயிற்சி கொடுத்த குரல் யாருடையதோ அவர்களைத்தான் இயந்திரத்துக்கு நன்றாகப் புரியும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தின் பேச்சு உணர் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியதில் 100 சொல்லுக்குச் சராசரியாக 19 தவறு. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியதில் 35. ஒரே நாடு, ஒரே ஆங்கிலம், அதிலேயே இவ்வளவு. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதுவரை தவறு முழுக்க என் நாக்கில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

* * *

கார் ஓட்டும்போது பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில், பேச்சு மட்டும் போனோடு. ஆபத்தில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். அது வேறு ஊரில் இருக்கிற அதே பெயர்த் தெருவுக்கு, இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று வழி போட்டது. "அது இல்லை" என்றேன். "மன்னிக்கவும்" என்றது. திரும்பச் சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. வீட்டில் யாரிடமும் அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டேன். சண்டை முடிந்து பார்த்தால் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன். நடுவில் ஒரு சிக்னல் இருந்திருக்க வேண்டும். அது பச்சையா சிவப்பா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அந்த நினைவின்மைதான் பயமுறுத்தியது.

அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக உட்டா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப, சில கருவிகளில் 27 வினாடி வரை ஆனது என்று கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் அதற்குள் 450 மீட்டர் போய்விடுவார். இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே, வண்டி நிற்கும்போதே வழியைப் போட்டுவிடுகிறேன். ஓடும்போது "அழைப்பை எடு", "பாட்டை நிறுத்து" தவிர வேறு பேச்சு கிடையாது. அது தவறாகப் புரிந்துகொண்டால் புரிந்துகொள்ளட்டும், வாதம் செய்வதில்லை.

* * *

நான் அசிஸ்டன்டைவிடக் குரலில் தட்டச்சு செய்வதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். கூகுள் விசைப்பலகையில் தமிழுக்கு இந்த வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. அன்றிலிருந்து என் விரலுக்கு ஓய்வு, என் நண்பர்களுக்குப் புதிர்.

நண்பன் வீட்டுக்குப் போகிறேன், சந்து சந்தாகப் போய்க் குழம்பிவிட்டேன். "வழி தெரியவில்லை, கொஞ்சம் வெளியே வந்து நில்" என்று சொல்லிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அது போய்ச் சேர்ந்தது "வலி தெரியவில்லை" என்று. உடனே பதில்: "நல்லது. ஊசி போட்டாங்களா? எந்த ஆஸ்பத்திரி?" அவன் வெளியே வந்துதான் நின்றான், ஆனால் வண்டிச் சாவியோடு.

இதை அதன் குற்றமாக மட்டும் சொல்ல மாட்டேன். என் வாயில் ழகரம் ஒழுங்காக வருவதில்லை என்று பள்ளியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்காக வருகிறவர்களுக்கும் னகரமும் ணகரமும், ரகரமும் றகரமும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். எந்த எழுத்து என்பதை ஒலியை வைத்து அது தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற சொற்களை வைத்துத்தான் ஊகிக்கிறது. அதனால்தான் ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் தடுமாறுவதும், வாக்கியமாகச் சொன்னால் பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதும். நான் கண்டது: பேச்சுத் தமிழில் சொன்னால் பத்துக்கு நாலு பிசகும், செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னால் ஒன்றிரண்டுதான். ஆகவே அம்மாவுக்கு "நான் தற்போது அலுவலகத்திலிருந்து புறப்படுகிறேன்" என்று செய்தி போகிறது. "என்னடா, லீவு லெட்டர் மாதிரி எழுதற?" என்று கேட்கிறார்.

* * *

கூப்பிடாமலே பதில் சொல்கிற அனுபவம் யாருக்கும் இல்லையா?

ஓர் இரங்கல் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருக்கிறோம். அந்த மௌனத்துக்குச் சற்று முன் பேசியவர் சொன்ன ஏதோ ஒரு சொல் என் போனுக்குத் தன் பெயராகக் கேட்டிருக்கிறது. சரியாக மௌனத்தின் நடுவில், என் பையிலிருந்து, "இதைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. வேறு எப்படி உதவட்டும்?" என்ற கணீர்க் குரல். நான் அசையவில்லை. எனக்கு முன்னால் நின்றவரை எல்லோரும் முறைத்தார்கள். நானும் முறைத்தேன்.

இது எப்படி நடக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். போனுக்குள் மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் ஒரு சிறு பகுதி, அதை எழுப்ப நாம் சொல்லும் பெயரின், அதாவது கூப்பிடு சொல்லின், ஒலிவடிவத்துக்காக மட்டும் எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். மற்றதை உடனுக்குடன் மறந்துவிடும். ஒலி ஓரளவு ஒத்துவந்தால் போதும், மீதி எல்லாம் விழித்துக்கொள்ளும். கெடுபிடியாக வைத்தால் நிஜமாகக் கூப்பிடும்போது எழாது. இளக்கமாக வைத்தால் கண்டதற்கும் எழும். ஜெர்மனியில் போகும் (Bochum) என்ற நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தார் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு சேர்ந்து 2020-இல் இப்படித் தவறாக எழுப்பும் சொற்றொடர்களைத் திரட்டினார்கள். ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. கூகுள் அசிஸ்டன்டுக்கு "ஓகே கூல்" என்றாலே போதுமாம்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். விழித்துக்கொண்ட பிறகு கேட்பது எங்கே போகிறது என்பதுதான் கவலை. அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றுமே, துல்லியத்தைச் சரிபார்க்க என்று பதிவுகளில் ஒரு சிறு பகுதியை மனிதர்களை வைத்துக் கேட்க வைத்தது 2019-இல் செய்தியாக வெளிவந்தது. தவறுதலாக விழித்தபோது பதிவானவையும் அதில் இருந்தன. ஆப்பிள் அந்த ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டு, ஒப்புதல் கொடுத்தவர்களின் பதிவுகளை மட்டுமே இனிக் கேட்போம் என்றது. பதிவுகளைப் பார்க்கவும் அழிக்கவும் அமைப்புகளில் இடம் இருக்கிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் கணக்கில் இருந்தவற்றைக் கேட்டேன். பாதி, நான் அதைத் திட்டியது. இப்போது கூப்பிடு சொல்லையே அணைத்துவிட்டேன். வேண்டும்போது பட்டனை அழுத்திப் பேசுகிறேன். கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொண்டு அழுத்துகிறேன், என்ன போயிற்று?

* * *

நான் இந்தப் பேச்சு உணர் மென்பொருள் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் திட்டுவதைப் பார்த்துக் கொஞ்சம் பரிந்து பேசத் தோன்றுகிறது. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த ஆட்ரி என்ற பேச்சு உணர் கருவிக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள் மட்டும்தான் புரியும். அதுவும் அதைப் பழக்கியவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால். 1962-இல் ஐபிஎம் காட்டிய ஷூபாக்ஸுக்கு 16 சொல். 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹார்பிக்கு 1,011 சொல், அன்றைக்கு அது பெரிய சாதனை. இன்று ஊர் உலகத்தில் உள்ள பேர்களையெல்லாம் சொல்லி, அதில் ஒன்று பிசகியதற்குக் கோபப்படுகிறோம். சரி, கோபப்படுங்கள். மேலாளரிடம் "கதவைத் திற" என்று சொன்னவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கூப்பிடு சொல்லை அணைக்கச் சொன்னவரின் யோசனையை இரண்டு நாள் முயன்றேன். அறையின் கோடியில் இருக்கிற போனின் பட்டனைப் படுத்தபடியே அழுத்த முடியாது என்பதால் கைவிட்டேன். பாட்டிக் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். இப்போது எங்கள் வீட்டிலும் "நல்லா இரு தாயி" நடக்கிறது.

போனில் புதிதாக வந்திருக்கிற, உரையாடல் நடத்தும் வகை அசிஸ்டன்டுக்கு மாறிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நான் மாறினேன். நீளமாகச் சொன்னாலும் புரிந்துகொள்கிறது, அது உண்மை. அந்தப் பாட்டியின் வாக்கியத்தை அப்படியே சொல்லிப் பார்த்தேன். பிற்பகல் 3:50-க்கு வைக்கட்டுமா, பேத்தி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சரியாக இருக்குமா என்று கேட்டது. அசந்துபோனேன். ஆனால் டைமர் போடு என்றால் பழையது உடனே போடும். இது ஒரு மூச்சு யோசித்துவிட்டு, நான் கேட்காத இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போடுகிறது. எனக்கு வேண்டியது வேலைக்காரன்; வந்திருப்பது பட்டதாரி.

நேற்று இரவு மறுபடி விடியற்காலை ரயில். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று படுத்ததும் தெளிவாக, செய்தி வாசிக்கிற தமிழில், "நாளை காலை 5:30 மணிக்கு அலாரம் வை" என்றேன். "நாளை காலை 5:30-க்கு வைத்துவிட்டேன். உங்களுக்கு மாலை 5:30-க்கும் ஓர் அலாரம் இருக்கிறது" என்றது. போன வாரத்துச் சேவல் இன்னும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. பரவாயில்லை, நினைவுபடுத்துகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மாலை அலாரத்தை நீக்கிவிடு" என்றேன்.

"சரி, எல்லா அலாரங்களையும் நீக்கிவிட்டேன்" என்றது.

போர்வையை விலக்கி எழுந்து, இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, மேசைவரை போய்க் கையால் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.